உடைமையில்லாக் கரை

ஆற்றோரத்தில் எழும் உல்லாசக் குடியிருப்புகளின் நில எழிலமைப்பு பெரும்பாலும் ஆற்றைக் காட்சியாக்கும் கலையாகவே இருக்கிறது. நடைபாதை, புல்வெளி, நீச்சல் குளம், தென்னை வரிசை, மாடத்திலிருந்து தெரியும் நீர்ப்பரப்பு எல்லாம் கண்ணுக்காகவே அடுக்கப்படுகின்றன. ஆறு தெரியும் வீட்டுக்கு ஒரு விலை, தெரியாத வீட்டுக்கு வேறு விலை. இந்தக் கலைக்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. ஆற்றங்கரையை ஒருவர் தமதாக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், அங்கே குடியேறி இன்புற்று வாழ்பவர் அந்தக் கரைக்கு என்ன கடன்பட்டவர்?

தர்மசாத்திர மரபு இந்தக் கேள்வியை நீத்தார் கடனைப் பற்றிப் பேசும் இடத்தில் எதிர்கொள்கிறது. பிறருக்குச் சொந்தமான நிலத்தில் சிராத்தம் செய்தால் அந்நிலத்துக்குரியவரின் முன்னோர் குறுக்கிடுவர், செய்தவருக்குப் பயன் சேராது என்பது அம்மரபின் கவலை. நிலமில்லாதவன் எங்கே செய்வது? காடுகள், புண்ணிய மலைகள், தீர்த்தங்கள், கோயில்கள் ஆகியவற்றுக்கு உரிமையாளர் இல்லை, அவற்றை யாரும் கைக்கொள்ள முடியாது என்று ஸ்மிருதிகளும் புராணங்களும் விடை தருகின்றன. இந்த விதியின் ஆழம் எளிதில் கண்ணில் படுவதில்லை. கையளவு மண்ணும் இல்லாதவன் தன் தாய் தந்தையருக்குக் கடன் தீர்க்க வேண்டுமானால், உலகில் யாருக்கும் சொந்தமாகாத இடம் சிறிதாவது இருந்தே ஆக வேண்டும். மலாயாத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை உழைத்தும் தாம் குடியிருந்த லயத்தின் ஒரு பலகைக்குக்கூட உரிமையாளராகாத தமிழர்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் விதியாக இருந்ததில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் அஸ்தி கரைப்பதற்கும் அவர்கள் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோதான் சென்றார்கள்.

இஸ்லாமிய மரபும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. நீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் கருத்து. கிணற்றையும் ஆற்றையும் சுற்றி யாரும் ஆக்கிரமிக்காத ஒரு வெளியை விட்டுவைக்க வேண்டும் என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்தனர். மலேசியாவின் 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் ஆறுகளின் உரிமையையும் கட்டுப்பாட்டையும் அந்தந்த மாநில ஆட்சியாளரிடமே வைக்கிறது, தனியாரிடம் விடுவதில்லை. நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டி ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப இரு கரையிலும் ஒதுக்கு நிலம் விடச் சொல்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர், 5 மீட்டருக்கும் குறைந்த ஓடை என்றால் 5 மீட்டர். பொறியியல் காரணங்களுக்காக எழுதப்பட்ட இந்த எண்கள், சாத்திரம் சொன்ன உடைமையில்லாக் கரையை மீட்டர் கணக்கில் வரைந்து தருகின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கப் பொருத்தமான இடம் கம்போங் மேடான். பெட்டாலிங் ஜெயாவின் தெற்கில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய வட்டாரத்தில் இருக்கும் குடியிருப்பு இது. சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள கிள்ளான் ஆறு இந்த வட்டாரத்தைக் கடந்தே ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் போகிறது. பெட்டாலிங் ஜெயாவின் ஊடாக வரும் பெஞ்சாலா ஆறும் அதில் கலக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் லயமும் இழந்து நகரத்துக்கு வந்த இந்தியர்கள், கிராமங்களை விட்டு வந்த மலாய்க்காரர்கள், இந்தோனேசியத் தொழிலாளர்கள் என்று பலரும் இங்கே புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள். கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான், கம்போங் டத்தோ ஹருண் ஆகியவை அண்டைக் குடியிருப்புகள். பின்னர் பலர் நீண்ட வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் மாற்றப்பட்டனர். 2001 மார்ச் மாதம் இங்கே வெடித்த வன்முறையில் ஆறு பேர் உயிரிழந்தனர், பலர் படுகாயமடைந்தனர். உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. நெரிசலும் வறுமையும், பிள்ளைகள் ஓடியாட வெளியில்லாமையும் அப்போதே பேசப்பட்டன. ஒரு திருமண வீட்டுப் பந்தலும் ஓர் இறுதி ஊர்வலமும் ஒரே சந்தில் நெருக்கியடிக்க வேண்டிய ஊரில், பக்கத்து ஆற்றங்கரை மக்கள் புழங்கும் பொதுவெளியாக இருக்கவில்லை. சட்டத்தின் கணக்கில் அது தனியார் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். ஆனால் யாரும் இறங்கிச் செல்ல முடியாத நிலமாகவும் அது இருந்தது.

சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பண்டார் சன்வேயில் ஈயச் சுரங்கம் தோண்டிய பள்ளங்களே ஏரியாகவும் நீர்ப் பூங்காவாகவும் உல்லாச விடுதியாகவும் ஏரிக்கரை வீடுகளாகவும் மாறின. சிதைந்த நிலத்தை மீட்டெடுத்தது பாராட்ட வேண்டிய செயல்தான். ஆனாலும் ஒரே வட்டாரத்தில் ஒரு பக்கம் நீர் விலையுயர்ந்த காட்சி, மறு பக்கம் அது வேலிக்குப் பின்னால் ஓடும் சாக்கடை. இந்தப் பிளவே நில எழிலமைப்பை அறக் கேள்வியாக்குகிறது.

தமிழ் மரபில் நிலம் என்பது வெறும் காட்சியாக இருந்ததில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒன்றாகவே வைக்கிறது. தெய்வமும் தொழிலும் ஒரே பட்டியலில் வருவதைக் கவனிக்க வேண்டும். மருத நிலத்தில் ஆறு உண்டு, வயலும் உண்டு, உழவரின் உழைப்பும் உண்டு, வேந்தன் என்னும் தெய்வமும் உண்டு. இவற்றில் ஒன்றை உருவிவிட்டால் அது அந்தத் திணையாக நிற்காது. பரிபாடலின் வையைப் பாடல்களில் புதுவெள்ளம் வரும்போது மதுரை நகரமே திரண்டு கரைக்கு வருகிறது. உல்லாசக் குடியிருப்பின் வரைபடத்தில் மரமும் பறவையும் இருக்கும். தொழிலும் தெய்வமும் இருப்பதில்லை. புல் வெட்டுபவரும் குப்பை அள்ளுபவரும் விடிவதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்பதே அதன் எழுதா விதி. உழைப்பவரை மறைத்தால்தான் அழகு நிலைக்கும் என்று கருதும் வடிவமைப்பைத் திணை மரபு ஏற்காது.

மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா இந்த மறைப்புக்கு வலுவான சான்று. சுவா, பீசா ஆறுகளின் நீரைத் தேக்கி உருவாக்கிய ஏரியும், அதற்கு வரும் நீரைத் தூய்மைப்படுத்த நாணல் வகைகளை நட்டு அமைத்த ஈரநிலமும் சேர்ந்து ஏறத்தாழ 650 ஹெக்டேர். கரையின் பெரும்பகுதியில் யாரும் நடக்கலாம். இந்த வகையில் இப்பகுதியின் மிகச் சிறந்த நீரோர எழிலமைப்பு அதுவே. ஆனால் அந்த நகரம் எழுந்த நிலத்தில் பெராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கெலவே என்னும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் 1990களின் பிற்பகுதியில் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. கட்டடங்கள் விரிசல் விட்டன, தனி வீடு கேட்டு அக்குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டியிருந்தது. நீரைத் தூய்மையாக்க இத்தனை நுட்பம் தெரிந்த திட்டமிடலுக்கு, அந்த மண்ணில் வேர்விட்ட மனிதர்களை ஏரிக்கரையிலேயே குடியமர்த்த வழி தெரியாமல் போனது மன்னிக்கத்தக்கதன்று.

கட்டடத்துக்கு நிலம் எடுக்கும்போது முன்பே அங்கிருப்பவரை நினைக்க வேண்டும் என்பது சிற்ப நூல்களின் விதி. மயமதம் மண்ணை நிறம், மணம், சுவை, சரிவு என்று சோதிக்கச் சொல்கிறது. பிறகு அங்கே உறையும் பூதங்களுக்கும் தெய்வங்களுக்கும் பலியிட்டு, வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. இன்றும் மேம்பாட்டு நிறுவனங்கள் பூமி பூசை செய்கின்றன. ஆனால் வேண்டுதலின் உட்பொருள், காலி நிலம் என்று ஒன்று இல்லை என்பதுதான். சிலாங்கூர் ஆற்றின் கம்போங் குவாந்தான் மின்மினிகள் இதை உயிரியல் முறையில் விளக்குகின்றன. பெரெம்பாங் மரங்களில் இரவு முழுதும் ஒரே தாளத்தில் ஒளிரும் அவை, புழுப் பருவத்தில் மரத்துக்குப் பின்னாலுள்ள ஈரத்தரையில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. அழகுக்காக ஆற்றோர மர வரிசையை மட்டும் விட்டுவைத்து, பின்னாலுள்ள நிப்பாப் பனைகளையும் சதுப்பையும் நிரப்பிப் புல்வெளியாக்கினால் மரம் இருக்கும், மின்மினி இருக்காது. நடைபாதை விளக்குகளும் அவற்றின் இணை தேடலைக் குலைக்கும். கண்ணுக்குத் தெரியும் அழகு கண்ணுக்குத் தெரியாத சேற்றை நம்பி நிற்கிறது.

ஆற்றோரத்தில் இன்பமாக வாழ்வதே பிழை என்று இதற்குப் பொருளில்லை. சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் நான்கையும் உயிர்கள் பக்குவமடைய இறைவன் மாயையிலிருந்து தந்தவை என்கிறது. உடலும் உட்கருவிகளும்போல உலகமும் அதில் நுகரும் இன்பமும் அருளப்பட்டவை. மாலை வெயிலில் ஆற்றைப் பார்த்து மகிழ்பவர் துறவுக்கு இழுக்குத் தேடுபவரல்லர். ஆனால் தரப்பட்டதை ஈட்டியதாகக் கொள்வது ஆணவத்தின் வேலை. போகத்துக்கும் உடைமைக்கும் நடுவே சித்தாந்தம் இடும் இந்தக் கோட்டை நில எழிலமைப்பும் இட முடியும். ஆற்றுக் காட்சியை எல்லாரும் நுகரலாம், கரையை யாரும் அடைக்கலாகாது.

ஆறே இந்தக் கோட்டை அவ்வப்போது நினைவூட்டுகிறது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கியது. 2021 டிசம்பர் வெள்ளத்தில், கம்போங் மேடானுக்குக் கீழே கிள்ளான் ஆற்றோரம் இருக்கும் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா நாட்கணக்கில் நீரில் கிடந்தது, பலர் இறந்தனர். 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் வெள்ளச் சுரங்கம் நகர மையத்தைக் காக்கக் கட்டப்பட்டது. கீழ்ப்பகுதிக்கு அது போதாது. கரையைக் காங்கிரீட் சுவராக்கினால் நீர் வேகமெடுத்து அடுத்த ஊரில் ஏறும். மேலே இருப்பவரின் பாதுகாப்பான தோட்டம் கீழே இருப்பவரின் வெள்ளமாகிவிடும். ஆகவே நல்ல வடிவமைப்பு ஒதுக்கு நிலத்தைப் படிப்படியாகத் தாழ்த்தி, பெருமழையில் மூழ்கி வெயிலில் வெளிவரும் திடலாக விட்டுவைக்கும். சரிவுக்கு வெட்டிவேர் ஏற்றது. அதன் வேர் மூன்று மீட்டர் ஆழத்துக்கும் இறங்கி மண்ணைப் பிடிக்கும். கோயில் அபிடேக நீரில் மணப்பதும் அதே வேர்தான். மலேசிய நெடுஞ்சாலைச் சரிவுகளில் முன்பே பயன்பட்ட செடி அது. 2001 முதல் நடைமுறையில் உள்ள மழைநீர் மேலாண்மைக் கையேடும் ஒவ்வொரு மேம்பாட்டுத் திட்டமும் தன் மழைநீரைத் தன் எல்லைக்குள்ளேயே தேக்கி மெல்ல விடவேண்டும் என்கிறது. அண்டை ஊருக்குத் தீங்கு செய்யாமை என்னும் அறம் இங்கே குளத்தின் கொள்ளளவாக எழுதப்பட்டிருக்கிறது.

காட்சியைத் தாண்டி ஆற்றைத் தொடுவது அடுத்த படி. தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்கள் அருகிலுள்ள பத்து ஆற்றங்கரையில் நீராடியே புறப்படுவது வழக்கம். அரசு தொடங்கிய ஆற்றுச் சீரமைப்புத் திட்டமான 'வாழ்வு நதி', கிள்ளான் படுகையில் 110 கிலோமீட்டர் நீளத்தை உடல் படத்தக்க தரத்துக்குக் கொண்டுவர 2020ஐ இலக்காக வைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. நீராடும் பக்தரும் நீர்த்தரம் அளக்கும் அதிகாரியும் கேட்பது ஒன்றைத்தான், மனித உடல் இந்த நீருக்குள் இறங்கலாமா என்று. பக்தி மட்டும் ஆற்றைக் காக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் இந்தியாவின் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட உரிமையுள்ள உயிர்கள் என்றது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. தாய் என்று வணங்கப்பட்ட ஆறுகளுக்கு நீதிமன்றம் போய் உயிர் கேட்க நேர்ந்ததே நிலைமையைச் சொல்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆறுகளிலும் காரியம் முடித்து விடப்படும் துணி, பிளாஸ்டிக் பை, நுரைத்தட்டு மிதக்கின்றன. முன்னோருக்குப் பிண்டம் வைக்கும் கரையை அழுக்காக்குவது அந்தக் கரைக்கும் முன்னோருக்கும் செய்யும் பிழை.

ஆகவே ஆற்றோரக் குடியிருப்பில் படித்துறை ஒன்று வேண்டும். அகலமான படிகள், ஈரம் வழுக்காத கல், உடைமாற்ற மறைப்பு, பூவையும் துணியையும் தனித்தனியே இட இரண்டு தொட்டிகள், தொழுகைக்கு முன் ஒளு செய்யக் குழாய் நீர், முதியவர் பிடித்து இறங்கக் கைப்பிடி. இவை செலவு மிக்கவையல்ல. சாலையிலிருந்து அந்தப் படிக்கு, குடியிருப்பின் காவல் சாவடியைத் தொடாத தனி வழி வேண்டும். ஒதுக்கு நிலத்தில் முன்பிருந்தே வேப்பமரமும் சிறு அம்மன் சன்னதியும் இருந்தால், இடிப்பதற்கு முன் அதை வழிபடுவோரோடு பேசி, வெள்ளக் கோட்டுக்கு மேலே படித்துறையோடு சேர்த்து அமைக்கலாம். கோயில் பொதுவானது என்று சொல்லும் அதே சாத்திரம், கோயிலின் பேரில் கரையை வேலியிட்டு வளைப்பதையும் மறுக்கிறது என்பதை ஆலய நிர்வாகங்களும் ஏற்க வேண்டும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. அடுக்குமாடிகளின் பொதுச் சொத்து 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளர்களின் கூட்டு நிர்வாகத்தில் உள்ளது. அவர்கள் செலுத்தும் மாதப் பராமரிப்புத் தொகை வேலிவரைதான் செல்லும். வேலிக்கு வெளியே இருக்கும் ஒதுக்கு நிலம் மாநிலத்துக்குரியது. அதைப் பராமரிப்பது நகராண்மைக்கழகமா, நீர்ப்பாசன வடிகால் துறையா என்னும் இழுபறியில் கரை புதர் மண்டிப் போகிறது. மேம்பாட்டு அனுமதி தரும்போதே படித்துறைக்கான பராமரிப்பு நிதியை மேம்பாட்டாளரிடம் பெற்று, குடியிருப்போரும் கம்போங் மேடான் போன்ற அண்டை ஊர் மக்களும் சேர்ந்த ஒரு குழுவிடம் அதன் பொறுப்பை ஒப்படைக்கலாம்.