அய்யனார் காட்டில் மனிதருக்கு என்ன உரிமை?

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகும் வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுவே குலதெய்வம். கோயிலைச் சூழ்ந்திருப்பது 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானோர் இங்கே வந்து, குடில் போட்டுத் தங்கி, பொங்கிப் படைக்கிறார்கள். காவல் தெய்வத்தைக் கும்பிட வருகிறவர், அது காக்கும் காட்டை எந்த அளவுக்குப் புழங்கலாம் என்ற கேள்வி அங்கிருந்து எழுகிறது.

அய்யனார் இரவில் குதிரையேறி எல்லையைச் சுற்றி வருவார் என்பது நம்பிக்கை. அந்த நேரத்தில் மனிதர் குறுக்கே போகக்கூடாது. இதே கோயிலில் பட்டவராயன் சன்னதியில் தோல்செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். நாள்பட அதன் அடி நடந்து தேய்ந்ததுபோல் ஆகும், சாமி காட்டைச் சுற்றியதற்கு அதுவே அடையாளம் என்பார்கள். காட்டில் விருப்பம்போல் திரியும் உரிமையை மரபு சாமிக்கே வைத்திருக்கிறது. மனிதருக்கு உள்ளது முறைவைத்த நேரம் மட்டும்.

காணிக்கைக்கும் இப்படியோர் அளவு இருந்தது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மண்குதிரை காணிக்கையாக்கும் புரவி எடுப்புக்கு ஊரார், மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அது குதிரையாகிக் கோயில் சேர்ந்து, வெயிலில் சாயம் வெளுத்து, காது உடைந்து, மெல்ல மண்ணோடு மண்ணாகும். இன்று கும்பிட வருகிறவர் ஆற்றில் குளித்து விட்டுப்போகும் ஷாம்பு பாக்கெட் அப்படி ஆவதில்லை. பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணியும் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கிறது. வேண்டுதலுக்கு நேர்த்திக்கடன் என்று பெயர். கடன் தீர்க்கப் போன இடத்தில் கொடுத்தவரின் சொத்தைப் பாழாக்கினால் கடன் எப்படித் தீரும்?

ஆனால் பழியெல்லாம் பக்தர்மேல் போடுவது நியாயமில்லை. இதே மலைப்பகுதியில் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் மலைக்காட்டில்தான் மாஞ்சோலைத் தேயிலை வந்தது. ஆண்டுக்கொருமுறை பொங்க வரும் ஏழைக் குடும்பம் அந்தக் கணக்கில் மிகச் சிறிது. அதே சமயம், திருவிழா நாள்களைக் குறைப்பதும் தனியார் வண்டிகளை நிறுத்தி அரசுப் பேருந்து விடுவதும் வழிபாட்டைப் பறிப்பதாகாது. சாமியைக் காணும் உரிமையில் காரோடு வந்திறங்கும் உரிமை சேர்ந்ததில்லை. நேர்த்திக்கடன் ஏதுமின்றி, குளிர்காற்றுக்கு மட்டும் மலையேறுகிற உல்லாசப் பயணிக்கு இந்த வரம்பு இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

கூட்டம் பெருகியதற்கும் மரபுக்குள் ஒரு வழி இருக்கிறது. மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ச் சொந்த ஊரிலேயே தெய்வத்தை நிலைநிறுத்தும் வழக்கம் நெல்லைச் சீமையில் உண்டு. அப்படி எழுந்த கோயிலில் கும்பிட்டாலும் அதே அய்யனார்தான். அப்படிக் கும்பிடும் ஆண்டில் காரையாற்றுக்கு வரும் கூட்டத்தில் ஒரு குடும்பம் குறையும்.