இரும்பு எழுப்பிய மாளிகைகள்

ஆம்ஸ்டர்டாமில் டிரிப் சகோதரர்கள் கட்டிய மாளிகையின் புகைபோக்கிகள் குறும்பீரங்கிகளின் வடிவில் நிற்கின்றன. லூயி, ஹெண்டிரிக் என்ற அந்த இருவரும் தங்கள் செல்வத்தின் ஊற்றை மறைக்க விரும்பவில்லை. அது பீரங்கி விற்ற செல்வம்; அந்தப் பீரங்கிகளின் இரும்பு ஸ்வீடனிலிருந்து வந்தது.

அன்றைய ஸ்வீடன் பணமுடையில் தவித்த நாடு. 1613இல் டென்மார்க்குடன் போரை முடித்துச் செய்த உடன்படிக்கைப்படி, எல்வ்ஸ்போரி கோட்டையை மீட்க 10 லட்சம் ரிக்ஸ்டாலர் தர வேண்டியிருந்தது. ஃபாலூன் சுரங்கத்தில் செம்பு இருந்தது. அதைக் காசாக்கும் சந்தையும் கடன் தரும் கையும் ஆம்ஸ்டர்டாமில் இருந்தன. 1621இல் உருவான கோத்தன்பர்க் நகரின் சதுப்பு நிலத்துக்குக் கால்வாய்கள் வகுத்தவர்கள் டச்சுக்காரர்களே. அதன் நகர மன்றத்திலும் அவர்கள் அமர்ந்தார்கள். 1627இல் லூயி டி கேர் என்ற வணிகர் ஸ்வீடனுக்கே குடிபெயர்ந்தார். உலைகளைத் தன் வசமாக்கி, வலோனியாவிலிருந்து கொல்லர்களைக் குடும்பத்தோடு வரவழைத்தார். 1644இல் டென்மார்க்குடன் மீண்டும் போர் நடந்தபோது, புதிய தாயகத்துக்காக ஹாலந்தில் ஒரு கப்பற்படையையே திரட்டித் தந்தார். டிரிப் சகோதரர்களுக்கு இவர் தாய்மாமன்.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்வி இங்கே நெடுநேரம் நிற்பதில்லை. ஸ்டாக்ஹோமின் பிரபுக்கள் மாளிகைக்குச் செங்கல்லும் மணற்கல் தூண்களுமாய் முகப்பு அமைக்க 1650களில் வந்தவர் யூஸ்டஸ் விங்போன்ஸ் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர். அவரே ஊர் திரும்பி, 1660இல் டிரிப் மாளிகையைத் தொடங்கினார். ஸ்வீடனில் பழகிய கை ஆம்ஸ்டர்டாமில் தொடர்ந்தது. இரண்டு மாளிகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தால், எது எதற்கு மூத்தது என்பதைவிட, இரண்டுக்கும் ஒரே தாய்வீடு என்பதே கண்ணில் படும்.

ஓவியத்தில் இது இன்னும் ஆழமாக நடந்தது. அலர்ட் வான் எவர்டிங்கன் 1644இல் நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் சென்றார். பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்கும் அருவி, சரிவில் சாய்ந்த ஊசியிலை மரங்கள், மரக்கட்டையாலான குடில்கள்: தட்டை நிலத்தில் பிறந்த கண்ணுக்கு இவையெல்லாம் புதியவை. ஊர் திரும்பிய பின்னும் அவற்றையே வரைந்தார். டிரிப் குடும்பத்துக்காக ஸ்வீடனின் யூலிட்டாவில் இருந்த பீரங்கி வார்ப்பாலையையும் பெரிய திரையில் தீட்டினார். அவர் படங்களைக் கண்ட யாக்கோப் வான் ராய்ஸ்டாலோ, வடநாட்டில் ஒருமுறையும் கால் வைக்காமலே அருவி அருவியாய் வரைந்து தள்ளினார். இரும்புக்கும் மரத்துக்கும் போன கப்பல்களின் வழியே, எந்தச் சரக்குப் பட்டியலிலும் ஏறாத ஒரு பார்வை வந்து சேர்ந்தது. கொள்வினை கொடுப்பினை என்று நாம் சொல்லும்போது பொருள்களைத்தான் நினைக்கிறோம். ஆனால் விற்றவனும் வாங்கியவனும் பழைய மனிதர்களாக வீடு திரும்புவதில்லை என்பதும், விற்ற பொருள் துருப்பிடித்து மறைந்த பின்னும் அந்த மாற்றம் ஒரு சமூகத்தின் கட்டடத்திலும் கனவிலும் குடியிருக்கும் என்பதும் அந்த நினைவுக்குள் வருவதே இல்லை.

இந்த அழகை முழு மனத்தோடு போற்றுகிறேன். போற்றுவதாலேயே மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வார்ப்பாலைகளின் பீரங்கிகள் ஐரோப்பாவின் போர்க்களங்களில் வெடித்தன. 1649இல் டி கேர் நிறுவிய ஸ்வீடிஷ் ஆப்பிரிக்கக் கம்பெனி, கினியா கடற்கரையில் தங்கத்தோடும் தந்தத்தோடும் மனிதர்களையும் விலைபேசியது. கொல்லர்களை மனைவி மக்களோடு அழைத்துவந்து வாழவைக்கத் தெரிந்த அதே கடனும் கப்பலும் கணக்கேடும், வேறொரு கரையில் மனிதரை மனைவி மக்களிடமிருந்து பிரித்தன. எந்தக் கரையில் எதைச் செய்வது என்பதைத் தீர்மானித்தவை அந்தக் கருவிகள் அல்ல, கணக்கேட்டின் முன் அமர்ந்திருந்த மனிதர்கள்.