மூச்சின் விலை

பணம் கொடுத்து வாங்கிய பிராணி ஒன்றுக்கு நோய் வந்தால், வாங்கிய விலைக்கு மேல் அதற்குச் செலவு செய்யலாமா? சிறிய கேள்விதான். கணக்குத் தெரிந்தவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். அறுநூறு ரூபாய்க்கு வாங்கியது, வைத்தியத்துக்கு இரண்டாயிரம் ஆகும் என்றால், அதை அதன் போக்கில் விட்டுவிட்டு வேறு இரண்டு வாங்கிக்கொள்ளலாம், மிச்சமும் இருக்கும். நாற்காலியின் கால் ஒடிந்தால் நாம் இப்படித்தானே யோசிக்கிறோம்? கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் இதைக் கேட்டவுடன் மனசில் எங்கோ ஒரு முள் தைக்கிறது. அந்த முள் வெறும் பலவீனந்தானா, அதற்கு நியாயம் ஏதேனும் உண்டா என்று யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டிக் கிழக்கே போனால் பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது, ஏரி இருக்கிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து நிற்கும் அந்த உவர்நீர் ஏரியை நம்பிச் சுற்றிலும் குப்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குப்பத்தில், ஐப்பசி மழைக்கு ஒரு வீட்டில் ஒதுங்கியபோதுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என்னோடு ஒரு நண்பரும் இருந்தார்.

அந்த வீட்டில் ஒரு கினிப்பன்றி இருந்தது. பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் தன் பெண் குழந்தைக்காக வாங்கி வந்தது. பெயரில்தான் பன்றி, பார்த்தால் வாலில்லாத கொழுத்த எலி. சீமைப் பெருச்சாளி என்றும் தமிழில் சொல்வதுண்டு. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வளர்த்த பிராணி. குளிர்ந்த மலைக்காற்றுக்குப் பிறந்த இனம், உப்புக் காற்றும் ஈரமும் நிறைந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. மழை பிடித்த நாலாம் நாள் அதற்குச் சளி கண்டது. மூக்கில் நீர் வடிந்தது. புல்லைத் தொடவில்லை. விலாவை உள்ளே இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

குழந்தையின் ஆயா அதை ஒரு பழைய துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அன்றைய மீன் கூடை. அரிவாள்மணையில் மடவை மீனின் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நண்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தினம் நூறு மீனை அறுக்கிற கை, ஒரு எலிக்கு இரங்குகிறதே!" என்றார்.

ஆயாவுக்குக் கோபம் வரவில்லை. "ராத்திரியெல்லாம் கொர்கொர்னு இழுக்குது சார். கேட்டுக்கினு எப்படித் தூங்கறது?" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

நண்பரின் கேலியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மீனின் உயிரும் உயிர்தான். தரையில் துள்ளும் மீனும் மூச்சுக்குத்தான் துள்ளுகிறது. ஒன்றுக்கு அரிவாள்மணை, மற்றொன்றுக்கு மடி என்பது என்ன நியாயம்?

எனக்குத் தோன்றும் பதில் இது. ஏரியில் இருக்கும்வரை மீன் நம் கையை எதிர்பார்ப்பதில்லை. அதற்கு இரை உண்டு. ஓட இடம் உண்டு. வலையிலிருந்து தப்பிக்கச் சாமர்த்தியமும் ஓரளவு உண்டு. நாம் அதன் எதிரிகளில் ஒருவர். எதிரிக்கும் தர்மம் உண்டு. தேவைக்கு மேல் பிடிக்காதே, குஞ்சை விட்டுவிடு என்பதெல்லாம் அந்தத் தர்மத்தில் சேர்ந்தவை. ஆனால் கூண்டில் இருப்பதற்கு ஏரி இல்லை. அதன் புல், தண்ணீர், கதகதப்பு, காற்று எல்லாமே நம் கையில் இருக்கின்றன. அது தானாக இந்த நிலைக்கு வரவில்லை. நாம்தான் கொண்டுவந்து வைத்தோம். ஒரு ஜீவனைத் தன்னால் பிழைக்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள், "அதன் விதி" என்று கையை உதறிக்கொள்ள முடியுமா?

சிபிச் சக்கரவர்த்தியின் கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தப் புறாவை ராஜா தேடிப் போகவில்லை. அதுவே பயந்து வந்து அவனிடம் விழுந்தது. கேளாமல் வந்த அடைக்கலத்துக்கே அவன் தசையை அரிந்து கொடுத்தான். நாமே காசு கொடுத்து வாங்கிக் கூண்டில் அடைத்த அடைக்கலத்துக்கு நம் கடமை அதைவிடக் குறைந்ததாக எப்படி இருக்கும்?

வேறு நியாயங்களும் சொல்வார்கள். மனித குலம் இந்தப் பிராணிக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது ஒன்று. உண்மைதான். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது இந்தப் பிராணிகளுக்கு அந்த நோயைக் கொடுத்துத்தான் நிரூபித்தார். 1943-ல் கண்டெடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், மனிதர்களுக்குப் போவதற்கு முன் இவற்றின் உடம்பில்தான் சோதிக்கப்பட்டது. நம் நுரையீரலைக் காப்பாற்ற எத்தனையோ கினிப்பன்றிகளின் நுரையீரல் வெந்துபோயிருக்கிறது. ஆனால் ஆயாவின் மடியில் இருந்தது எந்தச் சோதனைச்சாலையையும் பார்த்ததில்லை. உபகாரம் செய்யாத பிராணி என்றால் மூச்சுத் திணறட்டும் என்று விட்டுவிடலாமா? நன்றிக் கடன் என்ற நியாயம் இங்கே போதாது.

குழந்தைக்கு இரக்கம் பழகும் என்பது இன்னொன்று. அதுவும் உண்மைதான். ஆனால் குழந்தைக்குப் பாடம் கற்பிக்கவே ஒரு ஜீவனைக் காப்பாற்றுகிறோம் என்றால், அதையும் ஒரு சிலேட்டுப் பலகை ஆக்கிவிடுகிறோம். குழந்தை பார்க்காத நள்ளிரவிலும் அது திணறிக்கொண்டுதான் இருக்கும். அந்த வேதனை அதனுடையது. அதைக் கவனிக்க அதுவே போதுமான காரணம்.

இரக்கம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை நாம் போற்றுகிறோம். அதைக் கொடைமடம் என்றும் சொல்லி வைத்திருக்கிறோம். மயிலுக்குப் போர்வையால் நன்மையில்லை, தீமையும் இல்லை. ஆனால் தெரியாமல் காட்டும் இரக்கம் சில சமயம் உயிரையே வாங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தம் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்சிசிலின் மாத்திரையைக் கொண்டுவந்தார். நல்ல எண்ணந்தான். ஆனால் பென்சிலின் வகை மருந்தை வாய்வழியே கொடுத்தால், இந்தப் பிராணியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து விஷக் கிருமிகள் பெருகி, சளியில் பிழைத்திருக்கக்கூடியதும் மருந்தில் மாண்டுபோகும். நல்லவேளையாக, டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று குழந்தையின் தாய் தடுத்துவிட்டாள்.

மறுநாள் பொன்னேரியில் பார்த்த கால்நடை டாக்டர் சொன்னவை எளிய விஷயங்கள். இந்தப் பிராணி மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் அதற்குத் திண்டாட்டம். காட்டில் பிற மிருகங்களுக்கு இரையாகும் இனம் ஆதலால் நோயை மறைத்துக்கொள்ளும். நமக்குத் தெரிகிறபோது நோய் முற்றியிருக்கும். ஒரு நாள் முழுதும் பட்டினி கிடந்தால் குடல் நின்றுவிடும். மனிதனைப் போலவே இதன் உடம்பும் வைட்டமின் ஸி-யைத் தானே செய்துகொள்ளாது. 1907-ல் நார்வே நாட்டு விஞ்ஞானிகள் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் வெறும் தானியம் கொடுத்து வளர்த்தபோது, கப்பல்காரர்களுக்கு வரும் ஸ்கர்வி நோய் இவற்றுக்கும் வந்தது. ஆகவே கொய்யாவும் கொத்தமல்லியும் கொடுக்க வேண்டும். நனைந்த மரத்தூளை மாற்ற வேண்டும். கொசுவர்த்திச் சுருளை அதன் பக்கத்தில் ஏற்றக்கூடாது. தகுந்த மருந்தை எடை பார்த்து அவரே கொடுத்தார். புல்லை அரைத்து ஊசியில்லாத சிரிஞ்சியில் எடுத்து, கடைவாயில் சிறிது சிறிதாக விடச் சொன்னார்.

இதெல்லாம் சரி; ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? பொன்னேரிக்குப் போய் வந்தால் ஒரு நாள் வியாபாரம் போகிறது. குப்பத்தில் இருமுகிற மனிதர்கள் இல்லையா? அவர்களை விட்டுவிட்டுப் பிராணிக்கு வைத்தியமா? இந்தக் கேள்விக்குப் பயந்து ஓடக்கூடாது. சிபி கதையிலும் பருந்து கேட்கிறது: "என் பசிக்கு என்ன வழி?" ராஜா அந்தப் பசியைப் பொய் என்று சொல்லவில்லை. அடுத்தவன் தசையை எடுத்தும் கொடுக்கவில்லை. தன்னுடையதைக் கொடுத்தான். ஆயா கொடுத்தது அவளுடைய தூக்கம்.

இதற்குப் பழவேற்காட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. அங்கே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டுச் சண்டையிடாமல், உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கின்றன. இன்று உனக்கு, நாளை எனக்கு. அந்த முறையிலும் குறை உண்டு. பாட்டு உரிமை இல்லாமல் வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்கள்; ஆழமில்லாத தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அதில் சேர்ந்தவர்கள் அல்லர். யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் எந்த முறைக்கும் கடினமான கேள்வி.

ஆனால் பாட்டுக்குள் வந்தவர்களைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கடைசிச் சீட்டு விழுந்தவனுக்கும் ஒரு நாள் உண்டு. குடும்பத்தையும் அப்படித்தான் நினைக்கிறேன். குழந்தையின் காய்ச்சலுக்கு முதல் பாடு. கிழவரின் இருமலுக்கு அடுத்த பாடு. கூண்டுப் பிராணிக்குக் கடைசிப் பாடாகவே இருக்கட்டும். கையில் காசில்லாத அன்று டாக்டரிடம் போக முடியாமல் போகலாம். அதற்காக யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். அப்போதும் கூண்டைப் புகையிலிருந்து நகர்த்தலாம், உலர்ந்த துணி விரிக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பாடும் பாடுதான். பாடே இல்லை என்று சொல்லும் உரிமை, அதை வாசலுக்குள் கொண்டுவந்த அன்றே நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் பலனாக வந்த 1960-ம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம், பிராணியை அடிக்காதே என்பதோடு நிற்கவில்லை. பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு நியாயமான எல்லா ஏற்பாடும் செய்யவேண்டியது கடமை என்கிறது. 'நியாயமான' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீட்டை விற்றுச் செய் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிராணி பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது; பத்து நாளில் புல் தின்றது. ஆனால் பிழைத்ததால்தான் ஆயா செய்தது சரி என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் நாளே அது கண்ணை மூடியிருந்தாலும் அவள் விழித்திருந்த இரவுகள் வீணாகியிருக்கமாட்டா. மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அது தனியாக இல்லை.

கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு வருஷம் உயிரோடு இருக்கும். குழந்தை கேட்கிறது என்று கடைக்குப் போகிறவர்கள் விலையை விசாரிக்கிறார்கள். கூண்டின் விலையையும் விசாரிக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் அது மூச்சுத் திணறும்போது யாருடைய தூக்கத்தைக் கொடுப்பது என்பதையும் வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போவது நல்லது. கொடுக்க ஆள் இல்லை என்றால், வாங்காமல் இருப்பதும் ஜீவகாருண்யந்தான்.