பாதுகாப்பான இடம் எது?

பணி ஓய்வு பெற்றோர் அமைதியான சிற்றூரைத் தேடுவது இயல்பே. மருத்துவமனை அருகில் உள்ளதா, அயலார் நல்லவரா என ஆராய்வதும் விவேகமே. ஆனால் இடம் மாறினால் அச்சம் அகலுமா?

பாறசாலைக்கு அண்மையிலுள்ள நெய்யாற்றின்கரையில், ஸ்ரீகிருஷ்ண சுவாமி ஆலய வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ எனும் பழைய பலாமரம் பேணப்படுகிறது. பகைவரால் துரத்தப்பட்ட இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது மரபு. 1729-இல் அரியணை ஏறிய அவர், 1750-இல் நாட்டையே ஸ்ரீபத்மநாபருக்கு அர்ப்பணித்து, ‘பத்மநாபதாசர்’ என்ற நிலையில் ஆட்சியைத் தொடர்ந்தார். இதில் அரசியல் நோக்கும் இருந்திருக்கலாம். எனினும் இது உணர்த்தும் நெறி தெளிவானது.

மரப்பொந்து உடலைச் சில நாழிகை காத்தது. ‘எனது’ என்னும் எண்ணம் உள்ளவரை, இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் உடன்வரும். எஞ்சிய நாட்களை இறைவனுடையவையாகக் கருதி, குடியேறிய ஊரின் எளியோருக்குத் தொண்டாற்றுபவருக்கு எவ்வூரும் அடைக்கலமே.