குழுவைப் பிரிப்பதற்கு முன்

எந்தப் பெரிய அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும், விடிவதற்குள் ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம் வந்திருக்கும். அதன் கீழே ‘பி பிளாக் லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு’, ‘சார், இன்னிக்கு லாரித் தண்ணி உண்டா?’, ‘நல்ல பிளம்பர் நம்பர் ப்ளீஸ்’, விற்பனைக்கு ஒரு கட்டில், அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம், நடுவில் நாலு பேரின் அரசியல் சண்டை. பொறுத்துப் பார்த்த ஒருவர் கடைசியில் எழுதுவார்: “குரூப்பைப் பிரிச்சிடலாமே. தண்ணிக்கு ஒண்ணு, ரிப்பேருக்கு ஒண்ணு, வாங்க-விற்க ஒண்ணு.” உடனே கட்டைவிரல்கள் குவியும்.

நியாயமான பேச்சுதான். பத்துப் பேர் கூடினால் இருவர் இருவராக 45 ஜோடி. இருநூறு பேர் என்றால் 19,900. வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு 2016-ல் 256 ஆனது. 2022-ல் 512, அதே ஆண்டில் 1,024. இடம் பெருகிய வேகத்துக்குக் காது பெருகவில்லை. கூட்டம் கூடக்கூட, கூச்சப்படுகிறவர்கள்தான் முதலில் வாயை மூடுகிறார்கள். பத்துப் பதினைந்து பேரே பேச, மற்றவர்கள் ‘மியூட்’டில் போட்டுவிட்டு இருக்கிறார்கள்.

ஆனால் தலைப்பு வாரியாகப் பிரித்தால் கைவிட்டுப் போகும் ஒன்றும் உண்டு. ரத்தம் கேட்கும் செய்தியை மருத்துவக் குழுவில் போட்டால், மருத்துவத்தில் அக்கறை உள்ளவர்கள் படிப்பார்கள். ஓ நெகட்டிவ்காரரோ கட்டில் விலை பார்க்க வந்தவராக இருப்பார். தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சு காதில் விழுவதால்தான் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கிறார். அந்தக் காலை வணக்க ரோஜாவைக்கூட நான் அவ்வளவாகப் பழிக்கமாட்டேன். தனியாக இருக்கும் ஒரு பெரியவர், இன்றும் எழுந்துவிட்டேன் என்று நாலு பேருக்குத் தெரிவிக்கும் வழி அது.

தலைப்பு வாரியாகப் பிரிப்பதை வாட்ஸ்அப்புக்கு வெகுகாலம் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-ல் யோசித்து உருவாக்கிய யூஸ்நெட் என்ற கணினிவழி உரையாடல் வலை, சில ஆண்டுகளில் தாங்கமுடியாத இரைச்சலாகிவிட்டது. முக்கியக் கணினிகளை நிர்வகித்த சிலர் கூடி, 1986-87-ல் எல்லாக் குழுக்களையும் ஏழு பெரும் பிரிவுகளுக்குள் அடுக்கினார்கள். கணினி, அறிவியல், பொழுதுபோக்கு என்று ஒழுங்கான அடுக்கு. ஓயாத வாக்குவாதங்களுக்கு ‘டாக்’ என்று தனி மூலை; வேண்டாதவர்கள் அதை மட்டும் வாங்காமல் விட்டுவிடலாம். எந்தக் குழு எங்கே, எது தேவையே இல்லை என்பதை அந்தச் சிலரே முடிவுசெய்தார்கள். அது பிடிக்காதவர்கள் 1987-லேயே, எந்த அனுமதியும் தேவைப்படாத ‘ஆல்ட்’ என்ற பிரிவைத் தொடங்கிவிட்டார்கள். பின்னாளில் அது மற்ற ஏழு பிரிவுகளையும் மிஞ்சி வளர்ந்தது. அடுக்கு தவறென்று சொல்லமாட்டேன். அடுக்கியவர்கள் யார் என்பதுதான் உறுத்தியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு முறை ஹட்டரைட்டுகளிடம் இருக்கிறது. கனடாவின் மேற்கிலும் அமெரிக்காவின் மொன்டானா, தகோட்டா பகுதிகளிலும் சொத்தைப் பொதுவில் வைத்து, உழுது வாழும் கிறிஸ்தவர்கள் இவர்கள். ஒரு குடியிருப்பில் நூற்றைம்பது பேர் ஆகும் தறுவாயில் இரண்டாகப் பிரிந்துவிடுவது வழக்கம். திடீரென்று அல்ல, பல ஆண்டுகள் பணம் சேர்த்து, புது நிலம் வாங்கி, கொட்டகை எழுப்பிய பிறகு. குடும்பங்களை இரண்டு பட்டியலாக எழுதுவார்கள். எந்தப் பட்டியல் கிளம்புவது, எது தங்குவது என்பதை, மரபு மாறாத குடியிருப்புகளில், சீட்டுதான் தீர்மானிக்கும். அதுவரை எல்லோருமே மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும்.

எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும் என்பதில்தான் நான் நின்றுவிட்டேன். புது இடத்துக்குப் போவது நாமாகவும் இருக்கலாம் என்றால், அங்கே கிணறு ஆழமாகத்தான் வெட்டப்படும், கூரை ஒழுகாமல்தான் வேயப்படும். நம் குழுக்களில் பிரிவினை கேட்பவர் மூட்டை கட்டுவதில்லை. அவர் இருக்கும் இடத்திலேயே இருப்பார். அரசியல் பேசுகிறவரும், ரோஜா அனுப்புகிறவரும், ஓயாமல் லிஃப்ட் கணக்குக் கேட்கிறவரும் வேறெங்காவது போய்விட வேண்டும். கூட்டத்தைக் குறைக்கச் சொல்வதும் சில ஆட்களைக் கழிக்கச் சொல்வதும் வெளியே ஒரே வாக்கியமாகத்தான் கேட்கும்.

ஆகவே உங்கள் குழுவில் இந்தப் பேச்சு வந்தால், “சீட்டுப் போட்டு ரெண்டாப் பிரிச்சுக்கலாமா சார்?” என்று கேட்டுப் பாருங்கள். சரி என்பவருக்கு உண்மையிலேயே இரைச்சல்தான் தொல்லை. தயங்குகிறவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. தண்ணீர் வரும் நேரம், மின்தடை போன்ற அறிவிப்புகளுக்கு, அட்மின் மட்டும் எழுதும் தனிக்குழு ஒன்று போதும். மற்ற பேச்சை ஒரே இடத்தில் விட்டுவையுங்கள். அதற்கும் முன்னால், ஒரு வருஷமாக அதில் ஒரு வரிகூட எழுதாதவர்களை லிஃப்டிலோ படிக்கட்டிலோ பார்த்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.