நெய்யும் ஆடும்

கருவூலத்தில் வேலை பார்த்தவள் நான். தஞ்சை மாவட்டத்துச் சார் கருவூலம் ஒன்றின் ஓய்வூதியப் பிரிவில்தான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போயிற்று. இப்போது நானே பென்ஷன்காரி. மாதம் முடியும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிடும். என் மகள் அரசுப் பள்ளி ஆசிரியை, 2009இல் சேர்ந்தவள். 1.4.2003 முதல் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. சிபிஎஸ் என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் இருந்தது. அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு மாதாமாதம் பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு. ஓய்வு பெற்றவர்களுக்கு அதை மொத்தமாகத் திரட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். மாத ஓய்வூதியம் என்று ஒன்று வரவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்: "அம்மா, ஒன் பென்ஷனுக்கும் நான்தான் வரி கட்டறேன். என் வயசான காலத்துக்கும் நானே கட்டிக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒருத்தியே கட்டினா எப்படி?"

பொருளாதாரம் படித்தவர்கள் இதை மாற்றக் காலச் சுமை என்பார்கள். இன்று உழைப்பவரின் வரியிலிருந்து இன்றைய முதியவருக்குக் கொடுப்பது பழைய முறை. அதை விட்டு அவரவர் சேமிப்புக்கு மாறினால் நடுவில் ஒரு தலைமுறை இரண்டையும் சுமந்தே தீர வேண்டும். பொருளாதாரம் அத்தோடு நின்றுகொள்கிறது. அது நியாயமா, இன்னும் பிறக்காதவர்கள் தலையில் கடன் எழுத நமக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டால் விடைக்கு வேறு வாசலைத் தட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. ஓய்வூதியர்களை ஒரு செலவுத் தலைப்பாகப் பார்க்க என்னால் ஆகாது. நேர்காணலில் அவர்களை எதிரே உட்கார வைத்துப் பார்த்தவள் நான். உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒரு முறை நேரில் காட்ட வேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார்கள். நாங்கள் இறங்கிப் போய் உள்ளே எட்டிப் பார்த்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு வருவோம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்கியாடீ?" என்றார். பிரிவே சிரித்தது. அந்தப் பணம் மட்டும் இல்லையென்றால் ஒரு வாய் காப்பிக்கு அவர் மருமகள் முகத்தைப் பார்த்து நின்றிருப்பார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மரியாதை என்பது அந்தப் பாஸ்புத்தகத்தில்தான் இருந்தது.

1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வூதியம் எஜமானன் இரங்கிப் போடுவதல்ல, செய்து முடித்த வேலைக்குப் பின்னால் வரும் ஊதியம் என்பது அதன் சாரம். அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். எனக்கு வருவது தர்மம் இல்லை, கடன் பாக்கி என்று ஆகிறது. சரி, கடன்பட்டவர் யார்? என்னிடம் வேலை வாங்கிய அன்றைய அரசும் அன்று வரி கட்டியவர்களும். கட்டுகிறவர் யார்? அன்று தொட்டிலில்கூட இல்லாதவர்கள். ஜிபிஎஃப் என்கிற என் வருங்கால வைப்பு நிதி என் பெயரில், என் கணக்கில் ஏறிய பணம். பென்ஷனுக்கு அப்படி எதுவும் கிடையாது என்பது கருவூலத்தில் இருந்த எங்களுக்குத் தெரியும். அந்தந்த மாத வருவாயில் அந்தந்த மாதப் பட்டுவாடா, அவ்வளவுதான்.

கடனைப் பற்றி நம் மரபு நிறையவே யோசித்திருக்கிறது. பிராமணன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்கிறது தைத்திரீய சம்ஹிதை. பிற்பாடு இதை எல்லோருக்கும் பொதுவாக்கிக்கொண்டார்கள். முதல் கடன் ஓதினால் தீரும், இரண்டாவது வேள்வி செய்தால் தீரும். மூன்றாவது தீரும் விதம்தான் என்னை யோசிக்க வைத்தது. முன்னோருக்குப் பட்டதை முன்னோரிடம் கொடுக்க வழியில்லை. பிள்ளை பெற்றுத்தான் அடைக்க வேண்டும். வாங்கியது மேலேயிருந்து, கட்டுவது கீழே. ஓய்வூதியப் பணம் நேர் எதிராகக் கீழேயிருந்து மேலே போகிறது. பிள்ளைகள் ஏராளமாகப் பிறந்துகொண்டிருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்றது 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

இல்வாழ்க்கை அதிகாரத்தில் வள்ளுவர், இல்லறத்தான் பேண வேண்டியவர் என்று முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என ஐவரை வைக்கிறார். அங்கே பரிமேலழகர் திடீரென்று நிதித்துறை ஆளாக மாறிவிடுகிறார். அரசனுக்கு இறை ஆறில் ஒன்று என்று ஆனது ஏன் தெரியுமா, மற்ற ஐந்து கூறும் இந்த ஐவருக்கு வேண்டியிருப்பதால் என்று உரை எழுதுகிறார். வரிக்கு இப்படி ஒரு உச்சவரம்பை நான் எந்த பட்ஜெட் உரையிலும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஐவரில் இறந்தவர் உண்டு, இருப்பவர் உண்டு, பிறக்காதவர் இல்லை. சுற்றத்தில் அடக்கம் என்று வித்வான்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

என் தம்பி வக்கீல். அப்பன் கடனைப் பிள்ளை தீர்ப்பது இந்து சட்டத்தில் புனிதக் கடமையாக இருந்தது என்று அவன்தான் விளக்கினான். அதிலும் தர்மசாஸ்திரம் ஒரு படிக்கட்டு வைத்திருந்ததாம். மகன் என்றால் அசலும் வட்டியும், பேரன் என்றால் அசல் மட்டும், கொள்ளுப்பேரன் என்றால் சொத்து கைக்கு வந்திருந்தால் மட்டும். அப்பன் குடித்தும் சூதாடியும் வைத்த கடன் பிள்ளையைச் சேராது. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், இனி வாங்கும் கடனுக்கு அந்தப் புனிதக் கடமையைக் காட்டி மகனையோ பேரனையோ பிடிக்க முடியாது என்று ஆக்கிவிட்டது. ஆக, வீட்டில் பிள்ளையை விடுவித்துவிட்டோம். அரசாங்கம் வாங்கும் கடனுக்கு மட்டும் கொள்ளுப்பேரன் அசலும் வட்டியும் கட்ட வேண்டும். எதற்காக வாங்கினார்கள் என்றும் அவன் கேட்க முடியாது.

இப்படிக் கேட்டவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். தாமஸ் ஜெஃபர்சன் 1789 செப்டம்பரில் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமியை அனுபவிக்கும் உரிமை உயிரோடிருப்பவர்களுடையது, ஒரு தலைமுறை தன் கடனால் அடுத்ததைக் கட்டக் கூடாது என்று வாதாடினார். ஆயுள் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு 19 ஆண்டுக்குமேல் எந்தப் பொதுக்கடனும் நீளக் கூடாது என்றும் சொன்னார். நல்ல வாதம். அவரே 1826இல் செத்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வைத்துவிட்டுப் போனார். மறு ஆண்டு ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் அடிமைகளாக வைத்திருந்த 130 மனிதர்களை ஏலம் போட்டார்கள். வாங்கியவர் ஒருவர், கட்டியவர்கள் வாயே திறக்க முடியாதவர்கள்.

எனக்குத் தெளிவு கிடைத்தது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிவதற்கு ராஜராஜன் காலத்தில் 96 ஆடு விட்டார்கள். பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் விளக்கு ஒன்றுக்கு நாளும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் இத்தகைய ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாமல் இருக்குமா? சாகும், செத்தால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது இடையர் பாடு. நோய் வந்தது, மழை பொய்த்தது என்று உழக்கைக் குறைக்க முடியாது. பொறுப்பும் அவரோடு முடியவில்லை. அவர், அவருடைய உறவினர், அந்த உறவினரின் உறவினர் என்று சந்திர சூரியர் உள்ளவரை அளக்கக் கடவர். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, பிறக்காத பிள்ளைகளின் தலையில் ஒரு கடமையைக் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

இடையரைக் கேட்டுத்தான் செய்தார்களா என்பது வேறு விஷயம். அரசன் ஆள் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. கடமை அடுத்த தலைமுறைக்குப் போனபோது ஆடும் கூடவே போயிற்று. நெய்யை மட்டும் கல்லில் வெட்டி, ஆட்டை விடாமல் இருந்திருந்தால் அதற்குப் பெயர் தானம் இல்லை. பிறக்காத இடையன்மேல் போட்ட வரி.

பிறக்காதவர்களைக் கட்டலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: கட்டலாம், ஆட்டையும் விட்டுப் போவதானால்.

இதை வைத்து நம் கதையைப் பார்க்கிறேன். பழைய ஓய்வூதியத்தில் நெய் உண்டு, ஆடு இல்லை. மத்திய அரசு 1.1.2004 முதல் கொண்டுவந்த தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் ஆடு உண்டு, ஆனால் இடையனும் பென்ஷன்காரனே. ஓய்வு பெறும் ஆண்டில் பங்குச் சந்தை சரிந்தால் அவன் விளக்குக்கு நெய் குறையும். தமிழ்நாட்டின் சிபிஎஸ்ஸோ இரண்டிலும் சேராமல், ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாட்டுக்குள்ளும் போகாமல் இரண்டு பத்தாண்டு நின்றது. 2003 ஜூலையில் சலுகைகளை வெட்டியதை எதிர்த்து அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்து, சுமார் 1,70,000 பேரை ஒரே அடியில் வேலைநீக்கம் செய்தார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்றது அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம். எது தார்மிகம் என்று அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

பிறகு காற்று திரும்பியது. 2022இல் ராஜஸ்தான் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்பியது, இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அப்படித் திரும்பினால் நெடுங்காலச் சுமை என்பிஎஸ்ஸைப்போல் 4.5 மடங்கு வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கி இதழில் 2023இல் வந்த கட்டுரை கணக்கிட்டது. மத்திய அரசு 1.4.2025 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று நடுவழி ஒன்று வகுத்தது. 25 ஆண்டு பணி செய்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி. அரசின் பங்கு 18.5 விழுக்காடு. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசும் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி ஊதியத்தில் பாதி, ஊழியர் பங்கு 10 விழுக்காடு. மகள் இனிப்பு வாங்கிவந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். முதுமையின் அபாயத்தை ஒற்றை ஆள் தலையில் போடாமல் ஊரே தாங்குவது அறம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அரசு தன் பங்கை ஆண்டு தவறாமல் நிதியத்தில் போட்டால்தான் அது ஆடு. நெருக்கடி வந்த முதல் ஆண்டில் நிறுத்திவிட்டால் பழையபடி வெறும் நெய்.

கடன் வாங்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கடனில் கட்டிய அணையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் பேரனுக்குப் போகும் ஆடுகள்தான். 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டும் என்று பட்ஜெட்டில் மதிப்பிட்டிருந்தார்கள். அந்தத் தொகையைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2013-14 முதல் நம் மாநிலம் வருவாய்ப் பற்றாக்குறையில் ஓடுகிறது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்ற அன்றாடச் செலவுக்கே ஒரு பகுதி கடன் வாங்குகிறோம் என்று அர்த்தம். என் குறுஞ்செய்தியில் வரும் ரூபாயிலும் அதில் கொஞ்சம் இருக்கும்.

என் பென்ஷனை நிறுத்துங்கள் என்று கேட்கமாட்டேன். சொன்ன சொல்லை நம்பி உழைத்தாயிற்று. ஆனால் இந்தச் சண்டை முழுக்க அரசு ஊழியருக்கும் கஜானாவுக்கும் நடுவிலேயே நடக்கிறது. எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாள் எழுபதைத் தாண்டியவர். சோப்பு வாங்கினாலும் மாத்திரை வாங்கினாலும் வரி கட்டுகிறார். என் பென்ஷனுக்குக் கட்டுகிறவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு யாரும் எதையும் கல்லில் வெட்டிக் கொடுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் மாநில அரசு முதியோர் உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது. 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். அது 2007இலிருந்து நகரவே இல்லை. எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அகவிலைப்படி ஏறுகிறது.

மகளின் சங்கத்தாருக்கும் ஓய்வூதியர் சங்கத்தில் இருக்கும் என் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோரிக்கைப் பட்டியலைக் கொண்டு கோட்டைக்குப் போகும்போது இரண்டு வரி கூட்டிக்கொள்ளுங்கள். அரசு தன் பங்கை நிதியத்தில் போட்டதா என்று ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதியோர் உதவித்தொகைக்கும் அகவிலைப்படி கேளுங்கள்.