எரிகிற விளக்கு யாரைக் குற்றப்படுத்துகிறது?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒருவர்மேல் குற்றம் சொல்வதற்கு நமக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? கண்ணால் பார்த்தால் போதுமா? காதால் கேட்டால் போதுமா? ஒரு மிஷினே எழுதிக் காட்டிவிட்டால் போதுமா? "கம்ப்யூட்டரே சொல்லிட்டுது, அப்புறம் என்ன?" என்று இந்நாட்களில் அநேகர் பேசுகிறோம். நானும் அப்படித்தான் பேசினேன். பேசினதினால் ஒரு வாலிபனுடைய பிழைப்பில் கை வைத்துவிட்டேன். இது கார் சமாச்சாரமாக இருக்கிறதே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

என்னிடம் இருப்பது 2011 மாடல் பெட்ரோல் வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கடந்த வருஷம் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் பண்ணினபோது, மீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்தது, அணையவில்லை. வண்டி ஓடத்தான் செய்தது. சிக்னலில் நின்றால் மட்டும் லேசாக நடுங்கும்.

"பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து மாட்டுங்க, விளக்குப் போயிரும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். அநேக வண்டிகளில் போகத்தான் செய்யும். ஆனால் விளக்கோடு சேர்ந்து கம்ப்யூட்டர் எழுதி வைத்த குறிப்பெல்லாம் போய்விடும். பழுது மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். வண்டியை விற்கப் போகிறவர்கள் சிலர் வாங்க வருகிறவர் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் இந்த வேலையைச் செய்கிறார்கள். அதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நான் அதைச் செய்யவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன்.

சில நூறு ரூபாய்க்குக் கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்கேனர் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருகினால் புளூடூத் வழியாகப் போனில் கோட் வந்துவிடும். எனக்கு வந்தது பி0171. "சிஸ்டம் டூ லீன்" என்று போட்டிருந்தது. அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதை யார் கண்டுபிடித்தது? சைலன்சர் பாதையில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார். உடனே நான் என்ன முடிவு பண்ணினேன் தெரியுமா? சென்சார் போச்சு!

வழக்கமாக என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் தம்பியிடம் போனேன். இருபத்தாறு, இருபத்தேழு வயசு, சொந்தமாகக் கடை போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துக்கிடுவமே" என்றான். "பார்க்கிறதுக்கு என்ன இருக்கு, கோடே வந்திருக்கே" என்று போனை நீட்டினேன். புது சென்சார் போட்டான், கோடை அழித்தான், பழைய சென்சாரைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தான். விளக்கு அணைந்தது. நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடியும் அதே மஞ்சள் விளக்கு, அதே பி0171.

எனக்குக் கோபம் வந்தது. நாலு நாள் வேலை செய்து ஐந்தாம் நாள் கெட்டுப்போகிற சென்சார் ஒரிஜினலாக இருக்குமா? டூப்ளிகேட்டை மாட்டி ஒரிஜினல் விலை வாங்கியிருக்கிறான் என்று மனதில் தீர்ப்பு எழுதிவிட்டேன். எழுதினதோடு நிற்கவில்லை. டீக்கடையில் சொன்னேன். நாலு டாக்ஸி வைத்து ஓட்டுகிற ஒரு சகோதரரிடமும் சொன்னேன். அவர் தன் வண்டிகளையெல்லாம் இவனிடம்தான் விட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. கவனித்தீர்களா? யாரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டுமோ, அவனிடம்தான் கேட்கவில்லை.

இப்போது இந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது முதன்முதலில் வண்டிக்காரனுடைய சௌகரியத்துக்காக வந்ததல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற ஊர்களில் வண்டிப் புகை மூச்சை அடைத்தது. ஆகவே புகையைக் கூட்டுகிற பழுது வந்தால் வண்டியே சொல்லவேண்டும் என்று 1988 மாடல்களிலிருந்து அங்கே சட்டம் வைத்தார்கள். 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரி கோட், ஒரே மாதிரி சாக்கெட் என்று ஆனது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. நம் வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவனுடைய நுரையீரலுக்காக ஏற்றப்பட்ட விளக்கு என்றுகூடச் சொல்லலாம். ஆகவே "ஓடுதுல்ல, எரியட்டும்" என்று விடுவதும் சரியல்ல. அதிலும் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அலட்சியமே கூடாது. சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியே போய், சைலன்சர் பாதையில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வேகவைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டுவதே நல்லது.

ஆனால் எரிகிற விளக்கு சொல்வது எவ்வளவு? இங்கேதான் நான் விழுந்தேன். பி0171 என்பது "இந்தப் பார்ட் கெட்டுவிட்டது" என்கிற தீர்ப்பு அல்ல. "காற்று அதிகமாக இருக்கக் கண்டேன்" என்கிற சாட்சி, அவ்வளவுதான். காற்று ஏன் அதிகம் என்பது அதற்குத் தெரியாது. எங்கேயாவது ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே இழுக்கலாம். பெட்ரோல் பம்ப் பலம் குறைந்திருக்கலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். இப்படி ஒரு கோடுக்குப் பின்னால் ஏழெட்டு காரணங்கள் நிற்கும். பி0420 என்று ஒரு கோட் வரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும். அதை நம்பிப் பெரிய தொகை கொடுத்து கன்வெர்ட்டரை மாற்றியபின், சைலன்சர் பைப்பில் சின்ன ஓட்டைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு.

இன்னொன்றையும் பிற்பாடுதான் அறிந்துகொண்டேன். இந்தக் கம்ப்யூட்டர் பெரும்பாலான பழுதுகளுக்கு முதல் தடவையிலேயே விளக்கைப் போடுவதில்லை. முதல் ஓட்டத்தில் தப்பு தெரிந்தால் மனதுக்குள் குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே தப்பு தெரிந்தால்தான் விளக்கை ஏற்றும். கோடை அழித்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். அந்த நாலு நாள் அமைதிக்குக் காரணம் இதுதான், டூப்ளிகேட் சென்சார் அல்ல. பழுது தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தெரியாவிட்டால் விளக்கைத் தானே அணைத்துவிடும். இன்ஜின் 40 தடவை குளிர்ந்து சூடாகும் வரை அந்தப் பழுது திரும்பவில்லை என்றால் கோடையே மறந்துவிடும். ஒரே சாட்சியை வைத்து ஒருவனைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது மோசேயின் நியாயப்பிரமாணத்தில் உண்டு என்று நமக்கெல்லாம் தெரியும். இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற ஒரு சிப் அந்த அளவுக்காவது பொறுக்கிறது. நானோ ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

ஒரு வேலையாக வெளியூர் போனபோது வண்டியின் நடுக்கம் அதிகமானது. அங்கே ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன், அறுபது வயசுக்கு மேல் இருக்கும். என் கதையையெல்லாம் கேட்டுவிட்டு, "கோட கெடக்கட்டும்யா, வண்டிய ஓட விடுங்க" என்றார். தன் ஸ்கேனரைச் செருகிக் கோட் இருக்கிற பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. ஃபியூயல் ட்ரிம் என்கிற எண்ணைப் பார்த்தார். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்று காட்டுகிற எண் அது. ஐடிலிங்கில் 24 சதவீதம் கூடுதல். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார். 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

"வேகம் கூடக்கூட எண்ணும் கூடினா பம்ப்பு, ஃபில்டர் பக்கம் போகணும். இது கொறையுது. எங்கயோ காத்து திருடுது" என்றார். எனக்குப் புரியவில்லை என்று கண்டு மேலும் சொன்னார்: "ஒரு டம்ளர் பால்ல ஒரு கரண்டி தண்ணி விட்டா நாக்குக்குத் தெரியும்லா? ஒரு கொடம் பால்ல அதே கரண்டிய விட்டா தெரியுமா?" ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கிற காற்று கொஞ்சம், ஆகவே திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியும். மிதித்தால் காற்று ஏராளம், திருட்டு அதில் மறைந்துபோகும்.

பிறகு போனட்டுக்குள் குனிந்து ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக இடுக்கியால் நெருக்கிப் பிடித்தார். மூன்றாவது ஹோஸைப் பிடித்ததும் ஸ்கேனரில் எண் சரசரவென்று இறங்கியது. இன்டேக்குக்குப் போகிற பிசிவி ஹோஸ். முழங்கை மாதிரி வளைகிற இடத்தில், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில், ஒரு நகம் நீளத்துக்கு வெடிப்பு. இத்தனை வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர். யாரும் செய்த தப்பு அல்ல. ஹோஸ் மாற்ற ஆன செலவு, சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

என்னங்க இது என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காற்று அதிகம் என்று அந்தப் பழைய சென்சார் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றினோம். புது சென்சாரும் வந்து அதே உண்மையைத்தான் சொன்னது. அதைப் போலி என்றேன். அதை மாட்டினவனைத் திருடன் என்றேன்.

"தெரியாமல்தானே சொன்னீர்கள், அது பாவமா?" என்று ஒரு நண்பர் என்னைத் தேற்றினார். நானும் அப்படிச் சமாதானம் பண்ணிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. தெரியாமல் இருந்தது குற்றமல்ல என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? காற்றும் பெட்ரோலும் எப்படிக் கலக்கிறது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் கையில் ஒரு நம்பர் இருந்தது. அந்த நம்பர் இல்லாதிருந்தால் "ஏன் தம்பி மறுபடியும் எரியுது?" என்று போய்க் கேட்டிருப்பேன். நம்பர் இருந்ததினால் கேட்க வேண்டியதே இல்லை என்று நினைத்துவிட்டேன். ஒருவரைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது நாம் சும்மா இருக்கிறோம். அரைகுறையாக ஒன்று தெரியும்போதுதான் நமக்கு வாய் வருகிறது.

அந்தத் தம்பியிடம் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கை துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். கடைசியில், "நீங்க சென்சார் மாத்தச் சொன்னாலும் நான் ஹோஸ ஒரு தடவ பாத்திருக்கணும் அண்ணாச்சி. அது என் தப்பு" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "டாக்ஸி அண்ணன் வண்டி விடறத நிப்பாட்டி மூணு மாசம் ஆவுது. ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றான்.

தனியாக அவனிடம் மன்னிப்புக் கேட்டால் முடிந்ததா? நான் தனியாகப் பேசவில்லையே! டாக்ஸி சகோதரரிடம் போய், நான் சொன்னது பொய் என்றேன். 'தவறுதலாக' என்று ஒரு வார்த்தை சேர்க்க நாக்கு துடித்தது, சேர்க்கவில்லை. அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "நாளைக்கே ஒரு வண்டிய அவன்கிட்ட விடுறேன். ஆனா நான் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனே?" என்றார். அந்த நாலு பேருடைய பெயரையும் ஒரு பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லையே என்றார். இன்னொருவர், "நெருப்பில்லாமலா புகையும்?" என்று சிரித்தார். ஹோஸ் வெடிப்பைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டி அரை மணி நேரம் பேசினேன். முழுதும் நம்பினாரா என்று தெரியாது. மூன்றாமவர் ஊரில் இல்லை. நான்காமவர் வண்டியை விற்றுவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் குடிபோய்விட்டாராம். வருகிற செவ்வாய்க்கிழமை அங்கே போகிறேன். பழைய சென்சார் இன்னும் கவரோடு டிக்கியில்தான் கிடக்கிறது.